வெள்ளை விளக்குகள் மாட்டிய கிறிஸ்துமஸ்

சென்ற டிசம்பரில் பேரன் என்னைச் செபராங் ஜெயாவிலிருந்து காரில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டிப் பினாங்குக்கு அழைத்துப்போனான். கடலைப் பார்த்த பழைய பெரிய வீடுகளில் ஒன்று இப்போது சாப்பாட்டு விடுதியாகிவிட்டது. அங்கே கிறிஸ்துமஸ் விருந்து நன்றாக இருக்கும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டின் பின்கட்டில்தான் நான் பிறந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. கார் நின்ற பிறகுதான் நானும் சொன்னேன்.

கூடத்தில் ஒன்பதடி பிளாஸ்டிக் மரம். அதில் விட்டுவிட்டு எரியும் விளக்குகள். மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். அறுபதைத் தாண்டும்போது அணைந்துவிடுகின்றன; மறுபடி எரியும்போது எது எண்ணியது, எது எண்ணாதது என்று தெரிவதில்லை. எண்ண முடியாத விளக்கை எதற்காக மாட்டுகிறார்களோ.

சுவரில் ஒரு பலகை. இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் அலங்காரம் காலந்தோறும் எப்படி இருந்தது என்று எழுதி, பழைய புகைப்படம் ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள். துரை குடும்பமும் விருந்தாளிகளும் சவுக்கு மரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். படத்தில் பத்துப் பேர் என்று பலகை சொல்கிறது. பதினொரு பேர். இடது ஓரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கை, பிரம்பு நுனியில் ஈரப் பஞ்சைக் கட்டிப் பிடித்திருக்கிறது. அந்தக் கையை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அது என் அப்பாவின் கை. பரிமாற வந்த பையனிடம் பதினொன்று என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்களுக்கு எழுதுவதென்றால் ஐஸ் பெட்டி என்றால் என்ன, கைரிக்‌ஷா என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. காலமும் அதிகம் இல்லை.

அப்பா அந்த வீட்டின் பட்லர். நாற்பது வயதிலும் துரை அவரை 'பாய்', அதாவது பையா, என்றுதான் கூப்பிடுவார். பின்கட்டில் எங்களுக்கு இரண்டு அறைகள். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேர். மூன்றாவது அறையில் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனச் சமையல்காரர். வெளிக் கதவிலிருந்து முன்வாசல்வரை சரளைக்கல் பாதை, என் காலடியில் நூற்று நாற்பது. நடுவே பெரிய மரங்கள் இருந்ததால் வீட்டில் நின்றால் வெளிக் கதவு தெரியாது. வேலைக்காரர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை, எங்களுக்குப் பின்சந்து.

அப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷம் துரை தனியாள். கிறிஸ்துமஸுக்கு ஏதாவது செய் என்று சொல்லிவிட்டுக் கிளப்புக்குப் போய்விட்டாராம். அப்பா தமக்குத் தெரிந்ததைச் செய்தார். முன்வாசலில் இரண்டு வாழைமரம், மாவிலைத் தோரணம், தென்னங்குருத்தில் கிளி. எங்கள் சாதிசனத்தில் கல்யாணத்துக்குச் செய்வதுபோல. துரை வந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாராம். மூன்று வருஷம் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் அப்படித்தான் நடந்தது. இது பலகையில் இல்லை.

பிறகு துரைக்குக் கல்யாணமாகித் துரைசானி வந்தார். வாழைமரத்தைப் பார்த்தார். இது கிறிஸ்துமஸ் இல்லை, கிறிஸ்துமஸ் என்றால் வெள்ளை என்று சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்கே வாழையை வெட்டி எறிந்தார். வேலையில் ஒரு தடவை திருத்தினால் மறு தடவை சொல்ல வைக்க மாட்டார். அடுத்த பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் வெள்ளைதான்.

எனக்கு நினைவு தெரிந்தது அந்த வெள்ளைக் காலம். கடற்கரையிலிருந்து சவுக்கு மரம் ஒன்றை வெட்டி மாட்டுவண்டியில் கொண்டுவருவார்கள். மெத்தை தைப்பவரிடம் வாங்கிய இலவம்பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அக்காவும் நானும் கிளைகளில் வைப்போம். அது பனியாம். நாங்கள் யாரும் பனியைப் பார்த்ததில்லை. பஞ்சு மூக்கில் ஏறித் தும்மல் வரும். மெழுகுவர்த்தி பிடிக்கும் தகரக் கவ்விகள் நாற்பத்தெட்டு. பினாங்கு வெயிலில் மெழுகுவர்த்திகள் ஏற்றுவதற்கு முன்பே வளைந்து தலைகுனிந்துவிடும். அதனால் மாலை நாலு மணிவரை அவற்றை ஐஸ் பெட்டியில், மீனுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார் அப்பா. ஏற்றினால் மெழுகு வாசனையோடு லேசாக மீன் வாசனையும் வரும். எனக்கு இன்றைக்கும் மெழுகுவர்த்தி என்றால் மீன்தான் நினைவுக்கு வருகிறது. பஞ்சில் தீப் பிடித்தால் அணைக்க அந்தப் பிரம்பும் ஈரப் பஞ்சும். விருந்து முடியும்வரை அப்பாவின் கண் மரத்தைவிட்டு நகராது.

கண்ணாடி உருண்டைகள் மூன்று பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு. கூடவே ஒரு கண்ணாடிப் பறவை, வாலில் நிஜ இறகுபோல மெல்லிய கண்ணாடி நூல்கள். அதை மட்டும் துரைசானி தம் கையால் மாட்டுவார். நான் தொட்டது ஒரே தடவை. குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

எனக்குப் பத்து வயது நடந்தபோது துரை வீட்டை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பினார். முப்பத்தாறு உருண்டைகளும் பறவையும் மரத்தூளில் பொதிந்து கப்பலேறின. கவ்விகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு.

வீட்டை வாங்கியவர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். ரப்பர் வியாபாரம். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் கிடையாது. பினாங்கிலேயே பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் என்பதால் வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். அவருடைய தாயாரை எல்லோரும் நோன்யா என்பார்கள். எழுபத்துமூன்று வயது. கடற்காற்று நல்லது என்று வைத்தியர் சொன்னதால் அவரையும் ஒரு ஆயாவையும் முதலில் கொண்டுவந்து மாடியில் குடிவைத்தார்.

நோன்யாவுக்கு ஒரு மகளும் உண்டு. அதைச் சமையல்காரர் எங்களுக்குச் சொன்னார். அந்தப் பெண் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டவர். நான் உயிரோடு இருக்கும்வரை நீ என் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று நோன்யா சொல்லிவிட்டாராம். ஒன்பது வருஷமாக மிதிக்கவில்லை. அதே ஊரில்தான், கைரிக்‌ஷாவில் வந்தால் கால் மணி நேரத் தூரத்தில் இருந்தார்.

தவுக்கே அப்பாவை வேலையில் வைத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு அவருடைய வெள்ளைக்கார வியாபார நண்பர்கள் வருவார்கள். துரை காலத்தில் எப்படி இருந்ததோ அப்படி வீடு இருக்க வேண்டும். அது சரியாக நடந்தால் நாங்கள் இருக்கலாம். இல்லாவிட்டால் அவருடைய சொந்த ஆட்களைக் கொண்டுவந்துவிடுவார். இதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா அக்கரையில் புக்கிட் தெங்கா தோட்டத்தில் கங்காணியாக இருந்த மாமாவைப் பற்றிப் பேசினார். அங்கே போனால் கூரையாவது கிடைக்கும். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். தோட்டத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது, அதில் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள் என்றார். நான் அப்போது இங்கிலீஷ் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் முப்பத்திரண்டு பேர், கணக்கில் நான் முதல். அன்று முதல் கிறிஸ்துமஸ்வரை சரியாகச் சாப்பிட்டேனா என்பது சந்தேகம்.

அப்பா யோசித்தார். கண்ணாடி உருண்டைகள் இல்லை. வேறு ஏதாவது வேண்டும். கிறிஸ்துமஸ் என்றால் வெள்ளை. தவுக்கே சீனர். சீனர்கள் விசேஷத்துக்குக் காகித விளக்கு மாட்டுவார்கள். ஆகவே வெள்ளைக் காகித விளக்கு. வெளிக் கதவில் ஒரு ஜோடி மாட்டினால் உள்ளே வரும்போதே விருந்தாளிகளுக்குத் தெரியும். வரிவரியாகப் பார்த்தால் எல்லாம் சரி. விடை மட்டும்தான் தவறு.

விருந்துக்கு முதல் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு விளக்குக் கடைக்குப் போனார். வாசல் முழுக்க மூங்கில் பிளாச்சுகள், பசை வாசனை. கடைக்காரர் கிழவர், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். வெள்ளை விளக்கு ஒரு ஜோடி என்று அப்பா மலாயில் கேட்டார். கிழவர் பிளாச்சைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் குடும்பம் என்று கேட்டார். அப்பா தவுக்கேயின் பெயர் அச்சடித்த அட்டையைக் காட்டினார். ஆணா, பெண்ணா என்றார். வீட்டில் மூத்தவர் நோன்யா என்றார் அப்பா. வயது? எழுபத்துமூன்று. கிழவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். நீல மையில் குடும்பப் பெயரை எழுதினார், வயதை எழுதினார். விளக்குகளை இரண்டு கையாலும் தலைகுனிந்து கொடுத்தார். எனக்கு ஒரு மிட்டாயும் ஒரு சிவப்பு நூலும் கொடுத்தார். வரும் வழியில் அப்பாவுக்குப் பெரிய திருப்தி. சீனர்கள் வீட்டில் மூத்தவர் வயதைக் கேட்டு வாழ்த்தி எழுதுகிறார்கள், நம்மவர்களுக்கு இந்த மரியாதை தெரியுமா என்று வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னார்.

சமையல்காரர் அறையில் நாள்தோறும் கிழிக்கும் சீனக் காலண்டர் ஒன்று உண்டு. அதைப் பார்த்துப் பார்த்துச் சீன எண்களைக் கற்றிருந்தேன். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன்.

"அப்பா, எழுபத்தாறுன்னு எழுதியிருக்கு. நீங்க எழுபத்து மூணுன்னுதானே சொன்னீங்க?"

"மூணுதானே கூட? வயசானவன், கை தவறியிருக்கும். மேல போட்டா நல்லதுதான்லா. நீ வெளிய சொல்லாத."

ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. விடாமல் நச்சரித்திருந்தால் அப்பா கடைக்குத் திரும்பிப் போயிருப்பார், கிழவர் விளக்கம் சொல்லியிருப்பார். எத்தனையோ ராத்திரி இதை நினைத்துப் புரண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை தவுக்கே காரில் கிளம்பி, நீராவிப் படகில் அக்கரைக்குத் தோட்டம் பார்க்கப் போனார். நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றார். அவர் கார் போன பிறகு அப்பாவும் நானும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வெளிக் கதவின் இரண்டு தூண்களிலும் விளக்குகளை மாட்டினோம். காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள் என்று என்னை அங்கேயே உட்கார வைத்தார்.

பதினொரு மணிக்கு மேல் பார்த்தேன், சாலையில் போகும் சீனர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கித் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், மூன்று பேர். பிறகு குதிரைவண்டியில் ஐந்து பேர். பிறகு ரிக்‌ஷாக்களில் இரண்டு இரண்டு பேராக. எல்லோரும் கறுப்பு, நீலம், வெள்ளைத் துணியில். நான் எண்ணிக்கொண்டே ஒவ்வொரு கூட்டத்தோடும் முன்வாசல்வரை போய்த் திரும்பினேன். ஐந்து மணி விருந்துக்கு இத்தனை சீக்கிரம் வந்துவிட்டார்களே என்று அப்பா பதறினார். ஆனாலும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். இஞ்சிப் பானம் கொடுத்தார், கேக் வெட்டிக் கொடுத்தார். யாரும் கேக்கைத் தொடவில்லை. சவுக்கு மரத்தையும் பஞ்சையும் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடித்த கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். துரைசானி காலத்து வழக்கப்படி அப்பா அதை வாங்கி மரத்தடியில் பரிசாக வைத்தார். இன்னொருவரும் கம்பளி கொண்டுவந்தார். அதையும் வைத்தார். நோன்யா எங்கே என்று ஒரு பெரியவர் தணிந்த குரலில் கேட்டார்.

"மேல, படுத்திருக்காங்க," என்றார் அப்பா. அது உண்மை. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நோன்யா தூங்குவார், கட்டிலடியில் ஆயாவும் தூங்குவாள். பெரியவர் கண்ணை மூடித் தலைகுனிந்தார்.

இரண்டரை மணிக்கு இருபத்திரண்டு பேர்.

இருபத்துமூன்றாவதாக ஒரு ரிக்‌ஷாவில் தனியாக ஒரு பெண் வந்தார். அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்தவர்போல விரல்களில் மஞ்சள் கறை. இறங்கினார். விளக்கைப் பார்த்தார். அந்தப் பெயரையும் எண்ணையும் படித்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். பிறகு சாலையிலேயே முட்டி போட்டு, சரளைக்கல்லின்மேல் முட்டியால் நகர்ந்து உள்ளே வரத் தொடங்கினார். அழுகை வாயிலிருந்து வரவில்லை, வயிற்றிலிருந்து வந்தது. நான் பக்கத்திலேயே நடந்தேன். எழுந்திருங்கள் என்று மலாயில் சொன்னேன், காதில் விழவில்லை. பாதி வழியில் கல்லில் ரத்தம் தெரிந்தது. என் காலடிகளை எண்ணத்தான் செய்தேன், ஆனால் எண்பதுக்குமேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. என் ஆயுளில் அப்படித் தப்பியது மிகக் குறைவு.

சத்தம் கேட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். பின்கட்டிலிருந்து சமையல்காரர் ஓடிவந்தார். மாடி வராந்தாவின் கதவு திறந்தது. நோன்யா கைத்தடியோடு நின்று கீழே பார்த்தார்.

"சியாப்பா மாத்தி?" என்று கேட்டார். யார் செத்தது?

சமையல்காரர் வெளிக் கதவுவரை ஓடி, திரும்பி ஓடிவந்தார். பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்ததில் அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். அப்பாவின் காதருகே சொன்னார்.

"அண்ணே, அது சாவு வீட்டு வெளக்கு. வெள்ள வெளக்கு, பேரு, வயசு. செத்தவங்களுக்கு மூணு வயசு கூடப் போட்டு எழுதுவாங்க."

அப்பா அங்கேயிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பட்லராக இருந்த நாளில் அவர் அந்தக் கூடத்து நாற்காலியில் கைவைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

நோன்யா இருபத்திரண்டு படிகளையும் இறங்கி வந்தார். மகள் முன்வாசலில் முட்டி போட்டபடியே, தாயார் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறந்தபடி இருந்தார். நோன்யா அவரோடு பேசவில்லை. என்னைப் பார்த்தார். பேசியது மலாயில், எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

"வாசல்ல நின்னது நீதானே? எத்தன பேர் வந்தாங்க?"

"இருபத்து மூணு."

"அழுதது எத்தன?"

நான் இருபத்துமூன்று முகங்களையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எண்ணிக்கை விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. அந்தப் பெரியவர் கண்ணை மூடியது அழுகையில் சேராது.

"ஒண்ணு."

நோன்யா திரும்பினார். மகளின் முட்டியைப் பார்த்தார்.

"உள்ள போயி முட்டியக் கழுவு," என்றார்.

உள்ளே போ என்று அவர் சொன்னதன் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. சமையல்காரருக்குப் புரிந்தது, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அபசகுனம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பன்னிரண்டு பேர் உடனே கிளம்பிவிட்டார்கள். பத்துப் பேர் இருந்து, அப்போதுதான் கேக்கைச் சாப்பிட்டார்கள். ஒருவர், சாவு வீட்டு முறைக்கென்று தாம் கொண்டுவந்த கம்பளியை மரத்தடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு போனார்.

விளக்குகளை எரித்துவிடலாமா என்று அப்பா கேட்டார். எரித்தால் கெட்டது உறுதியாகிவிடும், சிவப்பால் மூட வேண்டும் என்றார் நோன்யா. வீட்டில் சிவப்புக் காகிதம் இல்லை. அம்மாவிடம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் பின்கட்டு வாசலில் மாட்டும் காகித நட்சத்திரத்துக்காக வாங்கி வைத்திருந்த நான்கு தாள். அம்மா அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருஷம் எங்களுக்கு நட்சத்திரம் இல்லை. மாவுப் பசை காய்ச்சி, முன்வாசல் தரையில் உட்கார்ந்து, நோன்யா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், அம்மா நடுவில், மூன்று பேரும் வெள்ளை விளக்கின்மேல் சிவப்புத் தாளை ஒட்டினார்கள். நோன்யாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பசைக் கிண்ணத்தை மட்டும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டார்கள்.

இனிமேல் யாராவது வந்தால் யாரும் சாகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும்படி என்னை வெளிக் கதவுக்கு அனுப்பினார் அப்பா.

நாலு மணிக்குத் தவுக்கேயின் கார் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியை இறக்கினார். கழுத்துப் பட்டை இல்லை, பொத்தான்கள் திறந்திருந்தன. காலில் சப்பாத்து இல்லை, மடியில் இருந்தது. படகுத் துறையிலேயே யாரோ அவருக்குச் சேதி சொல்லியிருக்கிறார்கள்.

"நோன்யா சாகல, தவுக்கே," என்று மலாயில் சொன்னேன். "காகிதம் ஒட்டிட்டு இருக்காங்க."

அவர் என்னையே பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். விளக்கு மாட்டியது யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். அவர் சப்பாத்தைப் போடக் குனிந்தார். கயிறு கைக்கு அகப்படவில்லை. டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காருக்குள் குனிந்து இரண்டு சப்பாத்தையும் கட்டிவிட்டேன். எட்டுக் கண் உள்ள சப்பாத்து. கட்டி முடித்த பிறகும் கார் நகரவில்லை. அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோபத்தை அடக்குகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், நாளைக் காலை புக்கிட் தெங்காதான் என்று நினைத்தேன். துறையிலிருந்து வீடுவரை அந்த மனிதர் தாயில்லாதவராக வந்திருக்கிறார், அந்தத் தாயைக் கதவருகே நின்ற ஒரு பையன் சட்டென்று திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்பது புரிய எனக்கு என் தாயார் இறக்க வேண்டியிருந்தது.

பின்கட்டுக்கு ஓடி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. பழைய புடவைகளை விரித்து மூட்டை கட்டத் தொடங்கினார். பாத்திரம் ஒரு மூட்டை, துணி இரண்டு, அரிசியும் சாமானும் ஒன்று, சாமி படங்கள் ஒன்று, பாய் தலையணை ஒன்று, என் புத்தகங்கள் ஒன்று. ஏழு. என் மூட்டையை நானே கட்டினேன். அக்கா அழுதாள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் நேரமில்லை, ஐந்து மணி ஆகிவிட்டது.

விருந்து நடந்தது. வெள்ளைக்காரர்கள் பதினேழு பேர் வந்தார்கள். சிவப்பு விளக்குகளைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார்கள் என்று அப்பா பிறகு சொன்னார். விளக்கு எரியும்போது சிவப்புக்கு அடியில் அந்த நீல எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தனவாம். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து மெழுகுவர்த்திகளை எடுத்து நாற்பத்தேழு கவ்விகளிலும் ஏற்றினார். நோன்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முட்டியில் துணி கட்டிய மகள் பக்கத்தில் நின்றார். தவுக்கே எல்லோரிடமும் சிரித்துப் பேசினார், அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை, பார்க்கவும் இல்லை. அப்பா பிரம்பும் ஈரப் பஞ்சுமாக மரத்தடியில் நின்றார். நான் பாத்திரம் கழுவும் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கோட்டு முதுகு முழுக்க நனைந்திருந்தது.

ஏழு மணிக்குக் கடைசிக் கார் போயிற்று. அப்பா முன்வாசலில் இருந்த கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் தட்டைப் பிடித்திருந்தேன். தவுக்கே வெளியே வந்து நின்றார். வெளிக் கதவு இருக்கும் பக்கம், மரங்களுக்கு ஊடே தெரிந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்க்காமலே சொன்னார்.

"தாஹுன் டெப்பான், மேரா."

அடுத்த வருஷம், சிவப்பு.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். அப்பாவின் கையில் மூன்று குவளைகள் இருந்தன. அவற்றைத் தட்டில் வைக்காமல் நின்றுகொண்டே இருந்தார். நான்தான் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன்.

பின்கட்டுக்குப் போய் அம்மாவிடம் தவுக்கே சொன்னதை அப்படியே சொன்னேன். மலாய் தெரிந்த அம்மா, தெரியாததுபோல மறுபடி கேட்டார். அடுத்த வருஷம் என்றாரா, நிச்சயமாக அடுத்த வருஷம் என்றுதான் சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா தரையில் உட்கார்ந்தார். ஏழு மூட்டைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அரிசி இருந்த மூட்டையைத் தம் பக்கம் இழுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.